கிராணியார் காருக்குச் சூடு காட்டிய காலை

என் தோசைக்கல்லில் நான்கு ஸ்பார்க் பிளக்குகள் வறுபட்டுக்கொண்டிருந்தன.

பக்கத்து அடுப்பில் பெரிய பானை நிறைய வெந்நீர். எனக்குக் குளிக்க என்று நினைத்துவிடாதீர்கள். காருக்கு. "இஞ்சாரும், தண்ணி கொதிச்சிட்டுதோ?" என்று இவர் வாசலிலிருந்து மூன்றாவது தடவையாகக் குரல் கொடுத்தார். நான் இடுக்கியால் பிளக்குகளைப் புரட்டிப் போட்டேன். கல்லிலிருந்து பெட்ரோலும் கரியும் கலந்த ஒரு நாற்றம் கிளம்பி, கூரை வரைக்கும் ஏறிப் போய் அங்கேயே தங்கியது.

நான் கட்டியிருந்தது என்னிடம் இருந்த ஒரே நல்ல பட்டுச் சேலை. முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, அதில் ஒரு பொட்டுக் கரி படாமல் இந்த இரும்புச் சாமான்களைச் சமைத்துக்கொண்டிருந்தேன். அன்று காலை ஒன்பது மணிக்கு நான் ஈப்போப் பட்டணத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு வரவிருந்த ஒரே நல்லது வேறொருத்திக்குப் போய்விடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் மட்டும் நிச்சயமாகத் தெரியும். மார்கழி. மழைக்காலம்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். பெயரைப் போட்டு எழுதினால் வாசகர்களுக்கு வசதியாக இருக்கும் என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லியனுப்பினார். இத்தனை வருடம் வாயால் சொல்லாத பெயரை வாசகர் வசதிக்காக இப்போது சொல்ல முடியாது. இவர் செமோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. அது போதும்.

ஒன்பது மணிக்கு என்ன?

போன வாரம் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்த கதையை எழுதியிருந்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, இங்கிலீசில் சோதனை பாஸ் செய்து, அந்தப் பத்திரத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு வந்தவள் நான். வந்து நாலு வருடம் ஆகியும் பெட்டியைத் திறந்து அதை யாருக்கும் காட்டத் தேவை வரவில்லை.

தோட்டத்து வாழ்க்கை எப்படி என்று கேட்காதீர்கள். விடியுமுன் இவர், கூலியாட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்குப் போய்விடுவார். ஆள் கணக்கெடுத்து, பால்வெட்டுக்கு அனுப்பி, ஆபீசில் உட்கார்ந்து, மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி போவார். எனக்கு வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் ரப்பர் மரம். பிள்ளையும் இல்லை. எல்லோரும் அதைப் பற்றி என்னிடம் கேட்டார்கள், இவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. பழைய பேப்பரை எடுத்து அதில் உள்ள எழுத்துப் பிழைகளுக்குப் பென்சிலால் கோடு போடுவேன். அதுதான் என் உத்தியோகம்.

அப்போது என் அண்ணர் பாரிட் புந்தாரில் ரயில்வேயில் இருந்தார். ஈப்போவில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு ஆசிரியை தேடுகிறார்கள் என்று எழுதினார். நான் இவருக்குத் தெரியாமல் விண்ணப்பம் எழுதி, பதில் வந்த பிறகுதான் காட்டினேன். தலைமையாசிரியை வெள்ளைக்காரப் பெண்மணி. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேரில் வரவேண்டும், பத்து மணிக்கு இன்னொருவரைப் பார்க்கிறேன், இருவரில் ஒருவரை அன்றே தீர்மானித்துவிடுவேன் என்று எழுதியிருந்தார்.

இவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போய்ப் பாருமன்" என்றார். சந்தோஷமா, கோபமா, ஒன்றும் தெரியவில்லை.

"செமோரிலை ரயிலெடுத்துப் போறன்" என்றேன்.

"கார் வச்சிருக்கிற கிராணியின்ரை பெண்சாதி ரயிலிலை போறதோ? சனம் என்ன சொல்லும்? நான் கொண்டுபோய் விடுறன்."

அந்த இடத்திலேயே நான் காலைத் தரையில் அடித்து மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

பனி நாட்டுப் புத்தகம்

அந்தக் கார் எங்கள் வீட்டுக்கு வந்த விதம் தனிக் கதை. தோட்டத்து உதவி மானேஜரான வெள்ளைக்காரச் சின்னத்துரை ஒருவர் வேலையை விட்டுச் சீமைக்குத் திரும்பியபோது இவர் அதை வாங்கினார். கறுப்பு வண்டி, கித்தான் கூரை, நாலு சிலிண்டர். முன்னால் ஒரு இரும்புக் கைப்பிடி தொங்கும். அதைச் சுற்றினால்தான் எஞ்சினுக்கு உயிர் வரும். அது வராத நாட்களைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

காரோடு ஒரு புத்தகமும் வந்தது. அதுதான் எங்களைப் பிடித்த சனி.

இவர் கிராணி. அச்சில் வந்தது எதுவானாலும் மேலிடத்து உத்தரவு என்று எடுத்துக்கொள்கிற மனம். அந்தப் புத்தகத்தை யாரோ பனி கொட்டுகிற தேசத்தில், பனி கொட்டுகிற தேசத்து ஆட்களுக்காக எழுதியிருந்தார்கள். குளிர் மாதங்களில் இரவு ரேடியேட்டர் தண்ணீரை இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் உறைந்து எஞ்சின் வெடித்துவிடும் என்று அதில் இருந்தது. இவர் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொண்டார்.

பேராக்கில், இந்த வெயில் நாட்டில்! ஐஸ்கட்டி வேண்டுமென்றால் ஈப்போவுக்குப் போய்ச் சீனர் கடையில் காசு கொடுத்து வாங்கி, மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஓட்டமாக ஓடி வரவேண்டும். வீடு வந்து சேர்வதற்குள் பாதி கரைந்துவிடும். அந்த ஊரில், என் வாசலில், எங்கள் கார்த் தண்ணீர் உறைந்துவிடுமாம்.

குளிரே இல்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் தோட்டம் மலையடிவாரத்தில் இருந்தது. மழைக்காலத்தில் விடியற்காலை மூடுபனி இறங்கி ஏழரை வரைக்கும் மரங்களுக்குள் நிற்கும். பெரட்டுக்கு வருகிறவர்கள் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டுதான் வருவார்கள். ஆனால் காருக்கு நோய் குளிரல்ல, ஈரம். ஈரம் பட்டால் பொறி விழாது. இதை நான் ஒரு மழைக்காலம் முழுக்க சமையலறை ஜன்னலால் பார்த்தே கண்டுபிடித்துவிட்டேன். இவர் கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் புத்தகத்தில் அது இல்லை.

ஆகவே மாலையில் தண்ணீரை இறக்குவார். காலையில் நான் வெந்நீர் வைத்துத் தரவேண்டும், அதை ஊற்றுவார். பிளக்குகளைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுப்பார், நான் வறுத்துத் தரவேண்டும். எஞ்சினுக்கு மேலே கம்பளி போர்த்துவார். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு நல்ல கம்பளி. அது இரவெல்லாம் கார் மேல் கிடந்தது. நான் இரண்டு பருத்திப் போர்வையைச் சேர்த்துத் தைத்துப் போர்த்திக்கொண்டேன்.

தோசைக்கல்லை நான் எத்தனை புளி போட்டுத் தேய்த்தாலும் முதல் தோசையில் பெட்ரோல் மணக்கும். முதல் தோசையை இவருக்கே வைப்பேன். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அதுவும் எனக்கு ஆத்திரமாக இருக்கும்.

தைப்பிங்கில் நனைந்தது

இங்கே ஒரு சின்ன விலகல். திங்கட்கிழமைக்குத் திரும்பி வருகிறேன்.

கார் வாங்கிய புதிதில் தைப்பிங்குக்கு ஒரு கலியாணத்துக்குப் போனோம். தைப்பிங் மழை எப்படிப்பட்டது என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மத்தியானத்தில் அங்கே மழை பெய்யாவிட்டால்தான் மனிதர்கள் வெளியே வந்து வானத்தைப் பார்ப்பார்கள். கலியாண வீட்டு வாசலில் கார் நன்றாக நனைந்தது. திரும்பும்போது கிளம்ப மறுத்துவிட்டது.

இவர் என்ன செய்தார் தெரியுமா? நேரே கலியாண வீட்டுச் சமையற்கட்டுக்குப் போய், பாயசம் கிண்டிக்கொண்டிருந்த ஆளிடம் நாலு பிளக்கையும் நீட்டி, கொஞ்சம் சூடாக்கித் தரச் சொன்னார். சபை நிறைய உத்தியோகஸ்தர்கள், அவர்கள் மனைவிமார், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா என் காதருகே வந்து, "உது என்ன பிள்ளை, ஏதும் நேர்த்திக்கடனோ?" என்று கேட்டார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஓம், நேர்த்திதான் என்று சொல்லிவிட்டேன்.

அப்படிப்பட்ட மனிதர். சபைக்குப் பயமில்லை, சிரிப்புக்குப் பயமில்லை. எதற்குத்தான் பயம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ராகு காலமும் எஞ்சினும்

திங்கட்கிழமைக்கு வருவோம். திங்கட்கிழமையில் ராகு காலம் ஏழரைக்குப் பிறக்கிறது, ஒன்பதுக்கு முடிகிறது. கிளம்ப வேண்டிய நேரம் சரியாக அதற்குள் விழுகிறது.

இவர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஆபீஸ் மூளை. பயணம் என்பது படியிறங்குவதில் தொடங்குவதில்லையாம், எஞ்சின் பற்றிக்கொள்வதில் தொடங்குகிறதாம். ராகு காலத்துக்கு முன்னால் எஞ்சினை ஓட விட்டுவிட்டால் பயணம் தொடங்கியாயிற்று. அதற்குப் பிறகு எப்போது புறப்பட்டாலும் பாதகமில்லை. அதனால் வண்டி வாசலில் நின்றபடியே அரைமணி, முக்கால்மணி உறுமிக்கொண்டிருக்கும். எஞ்சினும் சூடாகும், கிரகமும் ஏமாறும் என்பது இவர் கணக்கு.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கிளம்பும்போது தடங்கல் வந்தால் திரும்பி உள்ளே வந்து, கொஞ்ச நேரம் இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். எஞ்சின் ஓடுவதுதான் பயணம் என்றால், அது நின்றுபோவது தடங்கல் அல்லவா? ஆகவே எஞ்சின் நின்றால் நான் காரிலிருந்து இறங்கி, படியேறி, உள்ளே போய், நாற்காலியில் இருந்து, தண்ணீர் குடித்து, மறுபடி வந்து ஏற வேண்டும்.

அன்று இவர் பெரட்டுக்குப் போகாமல் லீவு சொல்லியிருந்தார். வெந்நீர் ஊற்றி, வறுத்த பிளக்குகளைத் துணியால் பிடித்துப் பூட்டி, கைப்பிடியைச் சுற்றியபோது ஏழாவது சுற்றில் எஞ்சின் பற்றிக்கொண்டது. மணி ஆறே முக்கால். எனக்கு உயிர் வந்தது. பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

"போவமே" என்றேன்.

"கொஞ்சம் பொறும். சூடேற வேணும்."

"ஓடினாலும் சூடேறும்தானே?"

"குளிர்ந்த எஞ்சினை ஓட்டக்கூடாதெண்டு புத்தகத்திலை கிடக்கு. உமக்கு உது விளங்காது."

எனக்கா விளங்காது? நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிடம் நன்றாக ஓடியது. பிறகு இருமியது. நின்றது.

இறங்கினேன். உள்ளே போனேன். உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன். வந்தேன்.

மறுபடி சுற்றினார், மறுபடி பற்றியது. மறுபடி "பொறும்". மறுபடி நின்றது. இறங்கினேன், குடித்தேன், வந்தேன். மூன்றாவது தடவை தண்ணீர் தொண்டைக்குள் இறங்க மறுத்தது.

"இஞ்சாருங்கோ, இனி ஸ்டார்ட் வந்தால் உடனே எடுங்கோ. நேரம் போகுதெல்லோ! எனக்கு ஒன்பது மணிக்கு அங்கை நிக்க வேணும்!"

"நீர் இப்பிடிக் கத்தினால் எஞ்சின் சூடாகுமோ?"

"எனக்குச் சூடாகுது!"

அடுத்த வீட்டு ஜன்னல் திறந்து மூடிய சத்தம் கேட்டது. கேட்டால் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். மணி ஏழு இருபத்தைந்து. இவர் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. அந்தக் குளிரில் அந்த வாசலில் நன்றாகச் சூடேறியிருந்தது இவர் ஒருவர்தான்.

கை

ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சின்னப் பிடி இருக்கும். பொறி முந்தி விழுவதா பிந்தி விழுவதா என்பதை அது தீர்மானிக்கும். எஞ்சின் பற்றிக்கொண்டதும் அதைக் கீழே இழுப்பார்கள். மறுபடி கைப்பிடியைச் சுற்றுமுன் மேலே தள்ளிவிட வேண்டும். மறந்தால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும். புத்தகத்தில் இதற்கு இவர் இரண்டு கோடு போட்டிருந்தார்.

ராகு காலத்துக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது. இவர் முன்பக்கம் ஓடினார். பிடி கீழேயே இருந்தது. நானும் கவனிக்கவில்லை, தண்ணீர்ச் செம்பைப் படியில் வைத்துவிட்டு அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தேன்.

இவர் ஒரு தடவைதான் சுற்றினார். கைப்பிடி திரும்பி அடித்தது. "ஐயோ அம்மா" என்று ஒரு சத்தம். இறங்கி ஓடிப் பார்த்தால், இவர் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு ஈர மண்ணில் உட்கார்ந்திருக்கிறார். கை இருக்க வேண்டிய விதத்தில் இல்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரி எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. அங்கே வைத்தியம் பார்க்கும் டிரெஸர் நாயர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். தடவிப் பார்த்தார். இவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, மூங்கில் பத்தையும் துணியும் கொண்டுவர ஆளனுப்பினார்.

"எலும்பு ஒடஞ்சிருக்கு, அம்மா. ஆனா நேராத்தான் ஒடஞ்சிருக்கு. ஆறு வாரத்துல கூடிடும். பயப்பட ஒண்ணுமில்ல."

நான் இவர் நெற்றி வேர்வையைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நான் பார்த்ததை இவர் பார்த்துவிட்டார்.

"இப்பவும் போகப் போறீரோ?"

நான் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன்.

"கை முறிஞ்சு கிடக்கிறன். ராகு காலமும் பிறந்திட்டுது. இந்த நேரத்திலை படியிறங்கிறதோ?"

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அழுகை வந்தது. இவர் வலியைப் பார்த்து வந்தது பாதி, கடிகாரத்தைப் பார்த்து வந்தது பாதி. எது கூட என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியாது. டிரெஸரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்து துணியைக் கிழித்துக்கொண்டே, "நீங்க நின்னு பாத்தா எலும்பு சீக்கிரம் கூடாது, அம்மா. நான் இருக்கேன்" என்றார்.

பத்திரத்தை எடுத்துக்கொண்டேன். நட்டநடு ராகு காலத்தில் படியிறங்கினேன். இவர் பின்னாலிருந்து கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பேனோ என்னவோ.

மாடுகளுக்கு வெந்நீர் வேண்டாம்

ரப்பர் ஷீட்டைப் புகையில் காய வைக்கும் கூடத்தருகே வண்டிக்கார மாரிமுத்து மாட்டு வண்டியில் ரப்பர் ஷீட்டை அடுக்கி முடித்திருந்தார். தினமும் அவர்தான் சரக்கைச் செமோர் ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோவார். பட்டுச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் ஓடி வந்த கிராணி மனைவியைப் பார்த்து அவர் வாயிலிருந்த சுருட்டை எடுத்தார்.

"என்னம்மா, காரு?"

"கிளம்பேல்லை. அய்யாவுக்குக் கை முறிஞ்சிட்டுது. எனக்கு ரயிலைப் பிடிக்க வேணும்."

"அட சாமி. ஏறுங்கம்மா, ஷீட்டு மேலயே உக்காருங்க. நம்ம மாட்டுக்கு வெந்நி கிந்நி ஒண்ணும் வேணாம் லா. தட்டுனா போவும்."

தட்டினார். போயிற்று. அந்த நிமிடத்தில் அந்த இரண்டு மாடுகள் மேலும் எனக்கு வந்த அன்பை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஒன்றரை மைல். மூடுபனி அப்போதுதான் மரங்களை விட்டு ஏறிக்கொண்டிருந்தது.

"காரு ரொம்ப சூசா லா, அம்மா" என்றார் மாரிமுத்து. சூசா என்றால் தொல்லை. "அய்யா ஏன் தான் அத கட்டிக்கிட்டு அழுவுறாரோ. ஆனா ஒண்ணு, வண்டிய அவரு வாங்குனதே ஒங்களுக்காவத்தான். நீங்க ஊட்டுலயே அடஞ்சி கெடக்குறீங்க, அங்க இங்க கூட்டிட்டுப் போவணும்னு ஆபீஸ்ல சொல்லிக்கிட்டு இருந்தாராம்."

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார். இந்த மனிதரோடு நான் என்னதான் செய்வது என்று நினைத்துக்கொண்டேன்.

ரயில் வந்து நிற்கவும் நாங்கள் நிலையத்துக்குப் போய்ச் சேரவும் சரியாக இருந்தது.

ஒரு பொய்

பள்ளிக்கூடத்தில் கால் மணி நேரம் பிந்தித்தான் நுழைந்தேன். சேலை முழுக்க ரப்பர்ப் புகை வாசம். கரையில் சேறு. தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தார்.

ஏன் தாமதம் என்று கேட்டார். எனக்கு இருந்த ஆத்திரத்தில் அத்தனையையும் சொல்லிவிட்டேன். வெந்நீர், பிளக், பனி நாட்டுப் புத்தகம், எஞ்சின் உதைத்தது, மாடு. ராகு காலத்தை மட்டும் விட்டுவிட்டேன், அதற்கு இங்கிலீசில் பதம் தெரியவில்லை. நாலு வருடம் யாரோடும் பேசாத இங்கிலீசு அன்று எங்கிருந்தோ கொட்டியது. அவர் சிரிக்காமல் கேட்டார். ஒரு இடத்தில் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

ஒரு கட்டுரையைக் கொடுத்துத் திருத்தச் சொன்னார். பென்சிலை எடுத்ததும் என் கை தானாகக் கோடு போட்டது. ஒன்றும் தப்பவில்லை.

"அடுத்த திங்கட்கிழமை தொடங்க முடியுமா?"

"முடியும்."

"உங்கள் கணவருக்கு இதில் முழுச் சம்மதம்தானே?"

உடைந்த கையோடு நாற்காலியில் சாய்ந்திருந்த முகம் கண் முன்னால் வந்தது.

"முழுச் சம்மதம்" என்றேன். அது நான் தெரிந்தே சொன்ன பெரிய பொய்.

நாற்காலியில் இருந்தவர்

செமோரில் ரயிலை விட்டு இறங்கி நடந்தே வந்தேன். வழி முழுக்கச் சண்டைக்கு ஒத்திகை. இவர் இதைச் சொன்னால் நான் இதைச் சொல்வேன், அதைச் சொன்னால் அதைச் சொல்வேன் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் தயார் பண்ணிக்கொண்டேன். தோட்டத்துக்குள் நுழைந்ததும் கிணற்றடியில் பேச்சு நின்றது. புருஷன் கையை உடைத்துக்கொண்டு கிடக்க, பட்டுக் கட்டிக்கொண்டு ஈப்போவுக்குப் போனவளை எல்லோரும் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள்.

கார் வாசலில் அப்படியே நின்றது. அதை ஒரு உதை உதைத்துவிட்டுத்தான் படியேறினேன்.

இவர் முன்னறையில் அதே நாற்காலியில் இருந்தார். மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கை மடியில். மத்தியானச் சாப்பாட்டை டிரெஸர் வீட்டிலிருந்து அனுப்பியிருந்தார்கள், இவர் தொடவில்லை.

"கிடைச்சுதோ?" என்றார்.

"கிடைச்சுது."

"எப்ப தொடக்கம்?"

"வாற திங்கள்."

நான் என் பதில்களோடு தயாராக நின்றேன்.

"காலமை முழுக்க நான் என்ன நினைச்சுக்கொண்டு நிண்டனான் தெரியுமோ?" என்றார். என்னைப் பார்க்கவில்லை, கைக்கட்டைப் பார்த்துச் சொன்னார். "வண்டி ஸ்டார்ட் வரக்கூடாது, வரக்கூடாது எண்டு. வந்ததும், நிக்க வேணும் எண்டு. ஒவ்வொரு தரமும் அது நிண்ட உடனை எனக்குள்ளை ஒரு சந்தோஷம்."

வழி முழுக்கப் பார்த்த ஒத்திகை வீணாயிற்று.

"அப்ப ஏன் அவ்வளவு சூடு காட்டினியள்? ஒரு பானை வெந்நீர் வச்சன்! தோசைக்கல்லை நாசமாக்கினன்! எத்தனை தரம் என்னை இறக்கி ஏத்தினியள்! போகவேண்டாம் எண்டு வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னால் நீர் நிண்டிருப்பீர்" என்றார். "நிண்டிட்டு, பிறகு நாள் முழுக்க அந்தப் பேப்பருக்குக் கோடு போட்டுக்கொண்டு இருப்பீர். அதையும் என்னாலை பாக்க ஏலாது. நீர் போனால், மத்தியானம் நான் வரேக்கை இந்த வீட்டிலை ஒருத்தரும் இல்லை. அதையும் யோசிக்க ஏலாது. நான் என்ன செய்ய?"

நாலு வருடத்தில் இவர் என்னிடம் சேர்த்துப் பேசிய வார்த்தைகளில் இதுதான் அதிகம். அதற்கும் ஒரு கை முறிய வேண்டியிருந்தது. எனக்குக் கோபம் போகவில்லை. கோபத்தோடேயே உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். அழுதார். நானும் அழுதேன், ஆனால் திங்கட்கிழமையை விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஏழு மணிக்கே ரயிலுக்குக் கிளம்பினேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. படியிறங்கித் திரும்பிப் பார்த்தால் இவரும் செருப்பை மாட்டிக்கொண்டு வருகிறார். பெரட்டுக்கு யார் நிற்கிறார்கள் என்று கேட்டேன். சின்னக் கிராணி பார்த்துக்கொள்வான் என்றார். ஒன்றரை மைலும் கூடவே நடந்தார். கட்டுப் போட்ட கை கழுத்தில் மாட்டிய துணியில் தொங்கியது, மற்றக் கையால் எனக்குக் குடை பிடித்தார். இவர் பாதி நனைந்தார். நான் எத்தனை தடவை குடையை அந்தப் பக்கம் தள்ளினாலும் மறுபடி என் பக்கமே கொண்டுவந்தார்.

ரயில் நகர்ந்த பிறகும் நனைந்துகொண்டு அங்கேயே நின்றார். அந்த மனிதருக்குக் குடையைத் தன் தலைக்கு மேலே பிடித்துக்கொள்ளக்கூட நான் சொல்லித்தர வேண்டியிருந்தது. ஜன்னலால் தலையை நீட்டி, ரயில் பெட்டி முழுக்கக் கேட்க, கத்திச் சொன்னேன்.